திரும்பிச் செல்ல வழியற்ற மருந்து

ஒரே நிறுவனம் தயாரித்த, ஒரே பேட்ச் எண்ணும் ஒரே காலாவதித் தேதியும் கொண்ட இரண்டு மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று விற்காமல் மருந்துக் கடையிலேயே தங்கிவிட்டது. மற்றொன்று விற்று, பாதி தீர்ந்து, ஒரு வீட்டு அலமாரியில் கிடக்கிறது. தேதி கடந்துவிட்டால் முதல் அட்டையைக் கடைக்காரர் விற்கக் கூடாது. 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின்படி, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிய பெட்டியில் தனியே வைக்க வேண்டும். பிறகு அது எக்ஸ்பயரி சரக்காக ஸ்டாக்கிஸ்டிடம் போய், அவர் வழியாகக் கம்பெனிக்குத் திரும்பும். அதற்கான தொகை கடையின் கணக்கில் வரவு வைக்கப்படும். இரண்டாவது அட்டை குப்பைக் கூடைக்கோ கழிவறைக்கோ போகும். இரண்டிலும் இருப்பது ஒரே வேதிப்பொருள்தான். முதலாவது திரும்பினால் ஒருவருக்குப் பணம் வருகிறது, இரண்டாவதால் யாருக்கும் ஒன்றும் வருவதில்லை. வீட்டு மருந்து கண்ட இடத்தில் போடப்படுவதற்கு மக்களின் அலட்சியத்தைக் குறை சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த மருந்து திரும்பிப் போக நாம் வழியே போடவில்லை என்பதுதான் அதைவிடப் பெரிய காரணம்.

சட்டம் இதைக் கவனிக்காமல் விடவில்லை. மருத்துவமனையில் காலாவதியான மருந்து, 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி மஞ்சள் பைக்குள் போய் எரிஉலையை அடைய வேண்டும். அதே ஆண்டு வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டில் காலாவதியாகும் மருந்தை அபாயகரமான வீட்டுக் கழிவு என்றே வகைப்படுத்தின. அத்தகைய கழிவைப் பெற 20 சதுர கிலோமீட்டருக்கு ஒரு மையம் வேண்டும் என்றும் சொல்லின. ஆனால் மீந்த ஐந்து மாத்திரைகளையும் அரைப் புட்டி சிரப்பையும் எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் யார் போவார்கள்? அப்படியொரு மையம் இருப்பதே பெரும்பாலான வீடுகளுக்குத் தெரியாது. தெருவுக்கு வரும் குப்பை வண்டியில் மக்கும் குப்பை, மக்காத குப்பை என்ற இரண்டுக்குள் ஒன்றில்தான் மருந்தும் விழுகிறது.

விழுந்தால் என்ன கேடு என்று கேட்கலாம். மிகச் சிறிய அளவிலும் உயிருக்குள் வேலை செய்ய வேண்டும் என்பதற்காகவே மருந்து உருவாக்கப்படுகிறது. நோயாளியின் உடலுக்கு வெளியே வந்ததும் அந்தக் குணம் போய்விடுவதில்லை. கால்நடைகளுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி, இறந்த மாட்டின் உடலில் எஞ்சியிருந்து, அதைத் தின்ற பாறுக் கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்தது. காரணம் 2004இல் உறுதியாகி, 2006இல் இந்தியா கால்நடைப் பயன்பாட்டுக்குத் தடை போடுவதற்குள் அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிட்டது. அது குப்பையால் வந்த கேடு அல்ல என்றாலும், எஞ்சிய மருந்துக்கு உள்ள வீரியத்துக்கு அதைவிடச் சான்று தேவையில்லை. சென்னையின் பெருங்குடிக் குப்பைமேடு இருப்பது பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ஓரத்தில். அங்கே சேரும் மாத்திரைகள் மழையில் கரைந்தால் அந்த நீர் எங்கே போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. குப்பையோடு கலந்த ஆன்டிபயாடிக், அதற்கு அசையாத கிருமிகளை வளர்க்க உதவுகிறது. வெளியே போகாமல் வீட்டிலேயே கிடந்தாலும் ஆபத்துதான்: குழந்தையின் கைக்கு எட்டுகிறது, அடுத்த காய்ச்சலுக்கு மருத்துவரைக் கேட்காமலேயே விழுங்கப்படுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஆறுகளில் காணப்படும் மருந்தில் பெரும்பங்கு நோயாளிகளின் சிறுநீர், மலம் வழியாகவும் ஆலைக் கழிவு வழியாகவும் வருவது. வீட்டில் வீசப்படுவது அதில் சிறு பகுதி. உண்மைதான். 104 நாடுகளின் 258 ஆறுகளை ஆராய்ந்து 2022இல் வெளியான உலகளாவிய ஆய்வு மருந்து எச்சத்தை ஏறத்தாழ எங்கும் கண்டது. மீந்த மருந்தைத் திரும்பப் பெறும் பெட்டி வைப்பதால் மட்டும் அந்த ஆறுகள் தெளிந்துவிடாது. ஆனால் உடலிலிருந்து வெளியேறுவதைத் தடுக்க நவீன சுத்திகரிப்பு நிலையங்கள் வேண்டும், பல ஆண்டுகள் வேண்டும். பயன்படுத்தாத மாத்திரையைத் தடுக்க ஒரு பூட்டிய பெட்டியும் அதை எடுத்துப் போக ஒரு வண்டியும் போதும். வீடுகளிலிருந்து யாருக்கும் பயன்படாமல் நீரை அடையும் பங்கு அது ஒன்றுதான் என்பதால், முதலில் நிறுத்த வேண்டியதும் அதுவே.

காலாவதியான மருந்து கெட்டதே அல்ல, ஏழைகளுக்காவது கொடுக்கலாமே என்பது நல்ல மனத்திலிருந்து வரும் வாதம். அமெரிக்க ராணுவத்தின் கையிருப்பு மருந்துகளை 1986 முதல் சோதித்து வந்ததில், 122 வகை மருந்துகளின் ஏறத்தாழ 3,000 தொகுதிகளில் 88 சதவீதம் குறைந்தது இன்னும் ஓராண்டு தாங்கும் என்று தெரிந்தது. ஆனால் அவை உறை பிரியாமல், உரிய சூழலில் வைக்கப்பட்டவை. நம் வீட்டு மருந்து அடுப்படி வெக்கையிலும் மழைக்கால ஈரத்திலும் இருந்தது. நீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப்பின் ஆயுள் ஒன்றிரண்டு வாரம்தான். கடையில் வெட்டிக் கொடுத்த அட்டையில் தேதி அச்சிட்ட முனையே இல்லாமல் போயிருக்கலாம். எனவேதான் நோயாளிகளிடமிருந்து திரும்பிய மருந்தைத் தானமாக அனுப்பக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1996லேயே வழிகாட்டியது. நமக்கு ஆகாது என்று ஒதுக்கியதை ஏழைக்குக் கொடுப்பது தர்மம் ஆகாது.

மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025இல் வெளியிட்ட வழிகாட்டுதல், ஃபென்டனில், டிரமடால் போன்ற 17 மருந்துகளைக் கழிவறையில் கொட்டிவிடச் சொல்கிறது. தண்ணீரைக் காக்க வேண்டும் என்பவருக்கு இது முரணாகப் படும். தவறி ஒரு குழந்தை தின்றால் ஒரு மாத்திரையே உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், இரு தீமைகளில் சிறியதைத் தேர்ந்திருக்கிறார்கள். மருந்தைத் திரும்ப வாங்க அருகில் ஓர் இடம் இருந்தால் குழந்தையா, ஆறா என்று தேர்வு செய்யும் நிலையே வராது.

அந்த இடம் மருந்துக் கடைதான். ஏற்கெனவே நெருக்கடியில் உள்ள சிறு கடைகள் மீது இன்னொரு சுமையா என்று கடைக்காரர்கள் கேட்பது நியாயம். திரும்பிய சரக்கு மறுபடி விற்பனைக்கு வந்துவிடும், அல்லது எக்ஸ்பயரி சரக்கோடு கலந்து பணமாகிவிடும் என்ற அச்சமும் நியாயமே. அதனால்தான் பெட்டி பூட்டியிருக்க வேண்டும். கடைக்காரர் அதைத் திறக்கவே கூடாது. வணிகச் சரக்கோடு சேராமல் அது நேரே எரிஉலைக்குப் போக வேண்டும். செலவைக் கடை ஏற்கத் தேவையில்லை. பிரான்சில் 1993 முதல் இயங்கும் சிக்லாமெட் அமைப்புக்கு மருந்து நிறுவனங்களே பணம் கொடுக்கின்றன. ஆஸ்திரேலியாவில் அரசு கொடுக்கிறது. பணக்கார நாடுகளுக்குத்தான் இது சாத்தியம் என்றும் சொல்ல முடியாது. கேரளம் 2025இல் 'என்பிரவுட்' திட்டத்தைக் கோழிக்கோட்டில் தொடங்கி, வீட்டுக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனை மூலம் வீடுகளிலிருந்தே மருந்தைச் சேகரித்து எரிஉலைக்கு அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறது.

இங்கே அப்படியொரு ஏற்பாடு வரும்வரை வீட்டளவில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். தேவைக்கு மட்டும் வாங்கலாம். மீந்ததை உறையிலிருந்து பிரித்து, தின்னத் தோன்றாதபடி தேயிலைச் சக்கையோடு கலந்து, கட்டிப் போடலாம். ஊசிகளைக் கெட்டியான புட்டியில் அடைத்து, தூய்மைப் பணியாளரிடம் சொல்லிக் கொடுக்கலாம். இவை ஆபத்தைக் குறைக்கும், தீர்க்காது. மருந்தை விற்க உரிமம் தருவது அரசு. வீட்டில் மீந்ததைத் திரும்பப் பெறும் பெட்டி வைப்பதையும் அந்த உரிமத்தின் நிபந்தனையாக்கி, அதற்கான செலவைத் தயாரிப்பு நிறுவனங்களிடம் வசூலிக்க அரசு வழி செய்யலாம். தமிழ்நாட்டில் அது நடக்க வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.