மக்காச்சோளம், சுண்ணாம்பு, கள்ளி

லண்டன் வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகும் தூரத்தில் புதிதாக ஒரு மெக்சிகோ உணவகம். அடுக்களை வாசலிலிருந்தே தெரிகிறது, மேசைகள் குறைவு. அக்டோபர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நால்வர் போனோம்: நான், மனைவி, யாழ்ப்பாணத்து நண்பர், மதுரைத் தோழி. தோழி சைவம். நண்பருக்கு உறைப்பு இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது.

*

முதலில் வந்தது மணம். மழை நனைத்த மண்ணும் வறுபடும் தானியமும் கலந்த மணம். ஒரு பெண் மாவை உருட்டி, இரும்பு அச்சில் வைத்து அழுத்தி, சூடான கல்லில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது முறை திருப்பியதும் தோர்த்தியா ரொட்டி உப்பி எழுந்தது. பாக்கெட் மாவா என்று கேட்டேன். “இல்லை, நேற்று இரவு இங்கேயே வேகவைத்து ஊறப்போட்டது” என்று பரிமாறியவர் பெருமையோடு சொன்னார்.

முற்றிக் காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, இரவு முழுக்க அதிலேயே விட்டுவிடுகிறார்கள். காலையில் தேய்த்துக் கழுவினால் தோல் கழன்றுவிடும். அரைத்தால் மாவு ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். சுண்ணாம்பு சேராத மக்காச்சோள மாவைத் தட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஓரமெல்லாம் வெடித்து உதிரும். இந்த முறைக்கு நிக்ஸ்தமலாக்கம் என்று பெயர். ஸ்பானியர் அங்கே கால் வைப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வழக்கத்தில் இருந்தது.

மெக்சிகோ உணவகத்தை நான் இந்த ஒன்றை வைத்துத்தான் எடை போடுவேன். இட்லி சரியில்லாத ஓட்டலில் சட்னி ஐந்து வகை இருந்து என்ன?

*

அதே சுண்ணாம்பைப் பற்றி இன்னும் கொஞ்சம். மக்காச்சோளம் ஐரோப்பாவுக்குக் கப்பல் ஏறியது, சுண்ணாம்பு ஏறவில்லை. விதையை எடுத்துப்போனவர்கள் அதைச் சமைத்த பெண்களிடம் எப்படிச் சமைப்பது என்று கேட்டு எடுத்துப்போகவில்லை. வட இத்தாலியிலும், பிறகு அமெரிக்காவின் தென்மாநிலங்களிலும், மக்காச்சோளமே கதியென்று இருந்த ஏழைகளைப் பெல்லாக்ரா பிடித்தது. தோல் வெடிக்கும், வயிறு போகும், புத்தி தடுமாறும், பலர் செத்தார்கள். அது தொற்றுநோய் அல்ல, சாப்பாட்டில் உள்ள குறை என்று ஜோசப் கோல்ட்பெர்கர் 1910களில் காட்டினார். குறைவாக இருந்தது நியாசின் என்ற வைட்டமின் என்பது 1937இல் கான்ராட் எல்வெஜெம் ஆய்வில் தெரிந்தது. தானியத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நியாசினை உடம்புக்குக் கிடைக்கும்படி விடுவிப்பது சுண்ணாம்புதான். தக்காணத்தில் சோளம் உண்டு வாழ்ந்த ஏழைகளுக்கும் இதே நோய் வந்தது. சேலத்தில் பிறந்த சி. கோபாலன் ஹைதராபாத்தில் இருந்துகொண்டு அதை ஆராய்ந்தார்.

அடுக்களை அறிவை அறிவாகவே மதிக்காததற்கு இத்தனை உயிர்கள். நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

*

மூன்று சல்சா வந்தன. நண்பர் கருஞ்சிவப்பில் தோய்த்துத் தின்றுவிட்டுச் சொன்னார்: “இது எங்கட செத்தல் மிளகாய்ச் சம்பல் போலவே கிடக்கு. தேங்காய்ப்பூதான் இல்லை.”

“அண்ணே, அந்தப் பச்சையையும் தொட்டுப் பாருங்க, புளிப்பு நல்லா இருக்கு” என்றார் தோழி.

மிளகாய் மெக்சிகோ மண்ணில் பயிரானது. போர்த்துக்கீசியர் கொண்டுவரும் வரை நமக்குக் காரம் என்றால் மிளகுதான். நாம் மிளகாயை வாங்கிக்கொண்டு உலகம் மெச்சச் சமைத்தோம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் மிளகாயிடம் கேட்பது உறைப்பை மட்டும் அல்ல. ஆஞ்சோவில் உலர்பழத்தின் இனிப்பு, குவாஹியோவில் நிறமும் மெல்லிய துவர்ப்பும், சிபோட்லேயில் புகை. காய்ந்த மிளகாயைக் கல்லில் வாட்டி, வெந்நீரில் ஊறவைத்து, அரைத்து, ஒரு குழம்பில் மூன்று நான்கு வகை சேர்க்கிறார்கள். நம் வீடுகளிலும் ராமநாதபுரம் குண்டு மிளகாயையும் நீட்டு மிளகாயையும் அதனதன் வாசனைக்காகப் பிரித்துப் பயன்படுத்தும் கை இருந்தது. இப்போது லண்டனில் நாம் வாங்குவது ஒரே பாக்கெட் மிளகாய்த்தூள். எனக்கு இது பெரிய இழப்பாகப் படுகிறது.

இந்த ஊரில் மெக்சிகோ மிளகாய் கிடைப்பதற்கே ஒருவர் பாடுபட வேண்டியிருந்தது. டோடி மில்லர் 1993இல் கூல் சில்லி என்ற பெயரில் காய்ந்த மிளகாய் விற்கத் தொடங்கினார். இன்று பல சமையல்காரர்கள் அந்த வழியில்தான் சரக்கு எடுக்கிறார்கள்.

*

பட்டியலில் நோபாலெஸ் இருந்தது. முள் சீவிய சப்பாத்திக்கள்ளி மடலைக் கீற்றாக நறுக்கி வதக்கி, வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி சேர்த்து, மேலே புதுப் பாலாடைக்கட்டி உதிர்த்திருந்தார்கள். கொஞ்சம் வழவழப்பு, கொஞ்சம் புளிப்பு.

தோழி நம்பவில்லை. “எங்க ஊர்ல ஆடுகூட மோந்து பாத்துட்டுப் போயிரும். இதையா திங்கிறாங்க?”

மெக்சிகோக் கொடியின் நடுவில் கழுகு அமர்ந்திருப்பது இந்தக் கள்ளியின் மேல்தான். நம் பக்கம் வேலியோரம் பார்த்துப் பழகியதால் நம் செடி என்றே நினைத்துவிட்டோம், ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. அதில் ஒட்டி வாழும் சிறு பூச்சியிலிருந்து எடுப்பது கொச்சினீல் என்ற செஞ்சாயம். ஓஹாகா வட்டாரத்துப் பழங்குடி மக்கள் வளர்த்துக் கொடுக்க, ஸ்பெயின் அந்த வித்தையை வெளியே விடாமல் காத்தது. மெக்சிகோவிலிருந்து போன சரக்கில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புச் சட்டைக்கு இந்தச் சாயம் வேண்டும், அதற்கு ஸ்பெயினை நம்பி இருக்க வேண்டும். லண்டன் லெடன்ஹால் தெருவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அது பொறுக்கவில்லை. சென்னையில் கம்பெனியின் மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சனின் முயற்சியில், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார்கள். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி இந்தியா வந்து சேர்ந்தது. வந்தது வேறு இனம், சாயம் மட்டம். வியாபாரம் படுத்தது.

பூச்சி மட்டும் தங்கிக் கள்ளியைத் தின்றது. 19ஆம் நூற்றாண்டில் ஒரு வகைக் கள்ளியை ஒழிக்க வேண்டுமென்றே அதைத் தென்னிந்தியாவில் விட்டார்கள். மற்றொரு வகைக் கள்ளி காடுகழனியெல்லாம் பரவி விவசாயிகளை வாட்டியபோது, 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சி கொண்டுவந்தார்கள். அதன் பிறகுதான் அது அடங்கியது.

இவ்வளவு நடந்தும், மடலை முள் நீக்கிச் சமைக்கலாம் என்ற செய்தி மட்டும் சைதாப்பேட்டைக்கு வந்து சேரவில்லை. கம்பெனிக்குத் தேவைப்பட்டது சட்டைக்குச் சிவப்பு. சைதாப்பேட்டையில் பிறந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

*

பணம் கட்டும் மேசை ஓரத்தில் இறந்தோர் நாளுக்கான சிறு படையல். ரொட்டி, மெழுகுவர்த்தி, யாரோ ஒரு பாட்டியின் படம், சுற்றிலும் செண்டுமல்லி. அந்தப் பூவும் மெக்சிகோவினுடையது. அங்கே முன்னோர் வீடு தேடி வர அதன் நிறமும் மணமும் வழிகாட்டும் என்று நம்புகிறார்கள். எதிர்த்திசையில் போனது நம் வாழ்வில் கலந்த புளி: ஸ்பானியர் வழியாக மெக்சிகோ சேர்ந்து, இப்போது சர்க்கரையும் ஐஸும் சேர்ந்த பானமாக எங்கள் மேசைக்கு வந்தது. மனைவி இரண்டாவது குவளை கேட்டார்.

*

லண்டனில் மெக்சிகோ சாப்பாடு வேரூன்ற வெகுகாலம் ஆனது. 1982இல் கோவென்ட் கார்டனில் தாமஸ் எஸ்டெஸ் திறந்த கஃபே பசிஃபிகோ முன்னோடி. 2007இல் தாமசினா மையர்ஸும் மார்க் செல்பியும் தொடங்கிய வஹாகா, தெருவோரச் சாப்பாடு என்றால் என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கியது. 2020இல் சாந்தியாகோ லாஸ்த்ரா மேரில்போனில் திறந்த கோல், பெரும்பாலும் பிரிட்டனில் விளைவதை வைத்தே மெக்சிகோச் சமையல் செய்கிறது. எலுமிச்சை இல்லை, அவகாடோ இல்லை. 2022இல் மிச்செலின் நட்சத்திரமும் கிடைத்தது.

அதெல்லாம் பெரிய இடம். எனக்கு மனம் நிறைவது இப்படித் தெருமுனையில் ஒன்று வரும்போதுதான். குழந்தையோடு போகலாம், வேலை முடிந்து அழுக்குச் சட்டையோடு போகலாம், பேசிக்கொண்டே கையால் சாப்பிடலாம்.

*

பில் வந்ததும் வழக்கமான இழுபறி. “விடுங்கோ, இண்டைக்கு என்ர கணக்கு” என்று நண்பர் அட்டையை நீட்டிவிட்டார். 12.5 சதவீதம் சேவைக் கட்டணம் சேர்த்திருந்தது. 2024 அக்டோபர் 1 முதல் இந்தப் பணம் முழுவதும் ஊழியர்களுக்கே போக வேண்டும் என்பது சட்டம். ஒருகாலத்தில் உணவகங்களில் தட்டு கழுவித்தான் இந்த ஊரில் காலூன்றினார் நண்பர். சட்டம் எப்படி இருந்தாலும், தட்டுக்கடியில் தனியாக ஒரு ஐந்து பவுண்டு நோட்டையும் வைத்தார்.

*

சைவர்களுக்கு ஒரு சொல்: மசித்த பீன்ஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது அங்கே வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இங்கே எண்ணெயில்தான் செய்கிறார்களாம், தோழி உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் மதுரையிலிருந்து அவருடைய அம்மா வருகிறார். அவரை அழைத்து வந்து, என்ன காய் என்று சொல்லாமல் கள்ளியைப் பரிமாறி, தின்று முடித்த பிறகு சொல்வதாகத் திட்டம். நான் வேண்டாம் என்றேன். முதலிலேயே சொல்லிவிடலாம், கள்ளி என்று தெரிந்தே அவர் ருசி பார்க்கட்டும்.