கை மாறும் கருவிகள்

பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது, அவர்கள் வாங்குகையில் மிகுதியாகக் கொள்ளாததையும் விற்கையில் குறைத்துக் கொடாததையும் சொல்கிறது. நெல்லுக்கும் உப்புக்கும் இந்த அறம் போதும், அளந்து பார்த்துவிடலாம். பத்தாண்டுகள் உழைத்த ஒரு பிளேனரை எந்த மரக்காலால் அளப்பது? அதன் வயிற்றுக்குள் இருக்கும் ஆர்மேச்சர் ஒருமுறை எரிந்து மறுபடி காயில் கட்டப்பட்டதா என்பது விற்பவனுக்கு மட்டுமே தெரியும்.

கொல்லிமலையில் எனக்குப் பழக்கமான தச்சர்கள் சிலர் உண்டு. புதுக் கருவி வாங்கும் வசதி அவர்களுக்கு இல்லை. நாமக்கல்லுக்கோ சேலத்துக்கோ இறங்கிவந்து பழையதைத்தான் தேடுகிறார்கள். கடைக்காரர் முழு 230 வோல்ட்டில், சுமையில்லாமல், அரை நிமிடம் ஓட்டிக் காட்டுகிறார். எந்த மோட்டாரும் அரை நிமிடம் இனிமையாகப் பாடும். மலைச் சிற்றூரில், நீண்ட மின்கம்பியின் கடைசி வீட்டில், மாலை நேரத்தில் மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. வேகம் குறைந்த மோட்டாரைப் பலா மரத்தின் மீது வைத்து அழுத்தினால் அது கூடுதல் மின்சாரம் இழுக்கிறது; அதைக் குளிர்விக்க வேண்டிய விசிறியோ அதே தண்டில் இருப்பதால் மெதுவாகச் சுற்றுகிறது. பழைய காயில் கருக இவ்வளவு போதும். திருப்பிக் கொடுக்கலாம் என்றால் காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒருநாள் கூலி. (கொல்லிப்பாவை சிரித்தே ஆளைக் கொல்லும் என்பார்கள். புதுப் பெயின்ட் அடித்த பழைய மெஷினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவள் நினைவு வரும்.)

அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்ச் சந்தையை உதாரணமாகக் கொண்டு ஒரு கட்டுரை எழுதினார். நல்லதையும் கெட்டதையும் பிரித்தறிய முடியாதபோது, வாங்குபவன் எல்லாவற்றுக்கும் ஒரு நடுத்தர விலையே தருவான். நல்ல பொருள் வைத்திருப்பவனுக்கு அது கட்டாது, அவன் விலகிக்கொள்வான். போகப்போகக் கெட்டவையே சந்தையில் மிஞ்சும். 2001-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். செம்மேட்டில் ஒரு தச்சர் இதையே, "பழசுன்னாலே பொய்தானுங்க" என்று இரண்டே சொற்களில் என்னிடம் சொன்னார்.

சட்டம் பெரிதாகத் துணைக்கு வருவதில்லை. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பொருளின் தரத்தைப் பொறுத்தவரை, வாங்குபவனே விழிப்பாயிருக்க வேண்டும் என்ற விதியைச் சில விலக்குகளோடு ஏற்கிறது. திருட்டுக் கருவி விஷயத்தில் அது கடுமையானது: பொதுவாக, விற்பவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கும் கிடையாது. காசும் போய்க் கருவியும் போகும். ஆகவே பழைய ரசீது ஒன்று கிடைத்தால் அது கருவிக்கு நிகரான சொத்து.

என் தந்தை நாமக்கல்லில் தச்சு வேலை ஒப்பந்தம் எடுத்துச் செய்தவர். முழங்கால் தேய்ந்த பிறகு கருவிகளை விற்க முடிவு செய்தார். கார்பனை மாற்றித் துடைத்து வைத்தால் பொறி தெரியாது, ஆயிரம் ரூபாய் கூடக் கிடைக்கும் என்று உறவினர் ஒருவர் யோசனை சொன்னார். தந்தை பதில் சொல்லவில்லை. மலையிலிருந்து ஓர் இளந்தச்சர் வந்தபோது, 82 மில்லிமீட்டர் பிளேனரை எடுத்து, மூடியைக் கழற்றி, காற்றோட்ட வழியாக எட்டிப் பார்க்கச் சொன்னார்.

"ஒரு தடவ காயில் கட்டுனது தம்பி. முன் பேரிங் சத்தம் போட ஆரம்பிச்சிருச்சு. நாலு மாசம் தாங்கும், அப்புறம் மாத்தணும்."

3,000 சொல்லியிருந்தார். பேரிங்குக்கும் கூலிக்கும் கழித்து 2,200 என்றார். இளைஞரிடம் 1,500 தான் இருந்தது. மீதிக்கு, பழைய வீடு பிரித்ததில் கிடைத்த பலாப் பலகைகள் தருவதாகச் சொன்னார்; அடுத்த வாரம் கொண்டும் வந்தார். இறக்கி வைத்ததும் ஒரு பலகையைத் திருப்பி, நகத்தால் ஓரிடத்தைச் சுரண்டிக் காட்டினார்.

"இங்க ஆணி ஒடஞ்சு உள்ளயே நிக்குதுங்கய்யா. வெளிய தெரியாது. பிளேடு போச்சுன்னா என்னயத்தான் திட்டுவீங்க."

அவர் சொல்லியிராவிட்டால் எங்களுக்குத் தெரிந்திருக்காது. அந்தப் பலகையைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்றார் அவர். பாதி விலைக்குச் சேர்த்தார் தந்தை. அரை மணி நேரம் நடந்த இந்தப் பேரத்தில், இருவரும் தத்தமக்குப் பாதகமாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வேறெங்கும் இப்படியொன்றைப் பார்த்ததில்லை.

ஆனால் குறையைச் சொல்லிவிட்டால் எதையும் விற்கலாம் என்று தந்தை நினைக்கவில்லை என்பது வட்ட ரம்பத்தின் முறை வந்தபோது தெரிந்தது. அதன் கீழ்க்காப்பு மூடிக்கொள்ளாது, வில் செத்துவிட்டது. அந்த மாடலுக்கு உதிரிப்பாகம் தேடிச் சலித்துவிட்டார். பல இடங்களில் காப்பைக் கம்பியால் தூக்கிக் கட்டித்தான் அறுக்கிறார்கள். இளைஞரும் அதையே சொன்னார். கேட்ட விலை தருகிறேன் என்றார்.

"ஒனக்குத் தெரியும் தம்பி. ஒன்கிட்ட வேல பழகுற பையனுக்கு?"

"சொல்லிக் குடுத்துருவனுங்க."

"அவன் நாளைக்கு இன்னொருத்தனுக்கு வித்தான்னா?"

இளைஞர் சிரித்துவிட்டுப் பிளேனரைச் சாக்கில் சுற்றிக்கொண்டார். அன்று மாலை தந்தை ரம்பத்தின் ஒயரை அடியோடு வெட்டினார், பிளேடைக் கழற்றினார், மிச்சத்தைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார்.