நடுங்கும் கைக்கு ஓர் அட்டை

வகுப்பில் முதலாவதாக வந்த பிள்ளையாகவே இருக்கட்டும். ராத்திரி ரெண்டு மணிக்கு, ஊசி போட்ட நோயாளி கண்முன்னே மூச்சுக்குத் தவித்தால் படித்ததெல்லாம் மறந்துபோகும். செவிலியாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். கெட்டிக்காரிகளே கைபிசைந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன். பயம் வந்தால் மனசு ஒன்றையே பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிடும், யாருக்கும் அப்படித்தான். அதனால் புதிதாக டியூட்டிக்கு வரும் பிள்ளைகளிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஞாபகத்தை நம்பாதே, அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டி வை, பார்த்துச் செய்.

எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் உயிர் இருக்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளாமல் மூச்சும் ரத்த அழுத்தமும் விழும்போது பெரியவர்களுக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் போட வேண்டும். புத்தகத்தில் ‘1:1000 கரைசல்’ என்று இருக்கும். கை நடுங்கி நிற்கிறவளுக்கு அந்த விகிதக் கணக்கு எதற்கு? ஒரு மில்லி ஆம்பூலில் ஒரு மில்லிகிராம் மருந்து இருக்கிறது. ‘அரை ஆம்பூல், தொடையின் வெளிப்பக்கம், சதையில்’ என்று எழுதினால் போதும். கர்ப்பிணிக்கு வலிப்பு வந்தால் போடும் மக்னீசியம் சல்பேட்டும் அப்படித்தான். ‘ஒவ்வொரு பிட்டத்திலும் 5 கிராம்’ என்பதைவிட, ‘இந்தப் பக்கம் 5 ஆம்பூல், அந்தப் பக்கம் 5 ஆம்பூல்’ என்பது சட்டென்று புரியும். ஆனால் இது ஒரு ஆம்பூலில் ஒரு கிராம் இருக்கும்வரைதான். வேறு அளவில் ஆம்பூல் வந்து இறங்கினால், அன்றைக்கே அட்டையையும் மாற்றியாக வேண்டும்.

அட்டை ஊருக்குப் பொருந்தவும் வேண்டும். எங்கள் மாப்பிள்ளையூரணிப் பக்கம் உப்பளமும் உடைமரக்காடும் கடலும் சேர்ந்து கிடக்கின்றன. பொதுவாக அச்சடித்து வரும் பாம்புக்கடி அட்டையில் நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் என்று நாலுதான் இருக்கும். நம்மிடம் உள்ள விஷமுறிவு மருந்தும் அந்த நாலுக்குத்தான். வலையில் சிக்கிய கடல்பாம்பு கடித்து ஒருவர் வந்தால் அந்த மருந்து கேட்காது. மூச்சைக் கவனித்துக் காப்பாற்ற வேண்டும். இந்த ஒரு வரியை நம் கடற்கரை ஆஸ்பத்திரிகள்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் சோதனையும் அட்டையில் முழுசாக இருக்கட்டும்: சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தம், 20 நிமிஷம் அசைக்காமல் வை, பிறகு சாய்த்துப் பார். ‘பிளாஸ்டிக் குழாய் கூடாது’ என்பதைப் பெரிய எழுத்தில் போட வேண்டும். கட்டுவிரியன் கடித்தால் ரத்தம் ஒழுங்காக உறையும், ஆனால் கண் இமை தொங்கத் தொடங்கும். அதற்கும் ஒரு வரி வேண்டும்.

பெரிய டாக்டர்கள் அட்டையைப் பார்த்துச் செய்வதா என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-ல் அறுவை சிகிச்சைக்கென்று 19 வரிகளில் ஒரு பட்டியல் கொண்டுவந்தது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் வைத்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் இறந்தவர்கள் நூற்றுக்கு 1.5 என்பதிலிருந்து 0.8 ஆகக் குறைந்தார்கள். கத்தி பிடித்துப் பழுத்த கைகளுக்கே அது உதவியது என்றால் நமக்கென்ன வெட்கம்?

ஆனால் அட்டை மட்டும் யாரையும் பிழைக்க வைக்காது. உத்தரப் பிரதேசத்தில் 2014 முதல் 2016 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் இப்படியொரு பட்டியலைப் பரிசோதித்தார்கள். பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தவரை செவிலியர் நன்றாகவே செய்தார்கள். ஆள் போன பிறகு தளர்ந்துவிட்டது. தாய் சேய் மரணமும் குறையவில்லை. எனக்கு அதில் ஆச்சரியமில்லை. மருந்து அலமாரி காலியாக இருந்தால், கூப்பிட்டால் வர டாக்டர் இல்லாவிட்டால், காகிதம் என்ன செய்யும்?

பழக்கமும் வேண்டும். எங்கள் கடலில் முத்துக் குளித்த காலத்தில், அடியில் இருப்பவர் கயிற்றை இழுத்தால் படகில் இருப்பவர் மறுபேச்சில்லாமல் மேலே தூக்குவார்; அங்கே யோசனைக்கு இடமில்லை. வார்டிலும் ஒருத்தி சத்தமாக வாசிக்க, மற்றவள் செய்து ‘ஆச்சு’ என்று திருப்பிச் சொல்லிப் பழக வேண்டும். ஆள் வராத மத்தியான வேளையில் பொய்யாக ஒரு நோயாளியைப் படுக்க வைத்துச் செய்து பாருங்கள். அட்டையை எழுதியவர் ஓரமாக நிற்கட்டும், நேற்று வேலைக்குச் சேர்ந்த பிள்ளை வாசிக்கட்டும். அவள் எந்த வரியில் தடுமாறுகிறாளோ அந்த வரியைத் திருத்துங்கள்.

உப்பளத்தில் வேலை பார்ப்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வெயிலில் ஒருவர் சுருண்டு விழுந்து 108-ஐக் கூப்பிட்டால், முதலில் ‘எந்த இடம்?’ என்றுதான் கேட்பார்கள். பாத்திக்கு நடுவே கதவு எண் ஏது? பதற்றத்தில் வாயும் குழறும். அளத்தின் பெயர், ரோட்டிலிருந்து எந்த வழி, பக்கத்தில் என்ன அடையாளம் என்று மூன்றே வரிகளை, எல்லாரும் உட்காரும் கொட்டகைச் சுவரில் இந்த வாரமே பெயின்ட்டால் எழுதி வையுங்கள்.