மூன்றாவது சண்டைக்கு மிச்சமிருக்கும் கால்

சூய்தோபாஷி, டோக்கியோ

அன்புள்ள பாஸ்கர்,

கிளம்பும்போது நீ கேட்ட கேள்வி விமானத்திலும் கூடவே வந்தது. “ஒரே ராத்திரியில மூணு பேரோட மோதுறான்னா, மூணாவது ஆளு முன்னாடி நிக்க அவனுக்குக் கால் இருக்குமா?” கிக்பாக்சிங் வகுப்பு நடத்துகிறவன் கேட்க வேண்டிய கேள்விதான். இந்த ஊரில் வேலை முடிந்த நேரங்களில் மூன்று அரங்கங்களைப் பார்த்தேன். பதில் அவற்றில்தான் இருக்கிறது.

முதலாவது, நான் தங்கியிருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கோராக்குயென் ஹால். டோக்கியோ டோமை ஒட்டிய கட்டடத்தில் ஐந்தாவது மாடி. நீ வந்தால் லிஃப்டில் போகாதே, படியேறு. சுவரெல்லாம் ரசிகர்களின் கிறுக்கல், ஒன்றின் மேல் ஒன்றாக. உள்ளே இரண்டாயிரம் பேர் உட்கார்ந்தாலே நெரிசல்தான். அதனால் எந்த இருக்கையும் ரிங்குக்குத் தூரமில்லை. நான் போன அன்று பெரிய பெயர்கள் யாரும் இல்லை. உள்ளூர்ப் பையன்களின் சண்டைகள்தான். கூட்டம் கத்துவதில்லை. மூலையில் நிற்கும் பயிற்சியாளரின் குரல் கடைசி வரிசை வரை கேட்கிறது. தொடையில் விழும் லோ கிக்கின் சத்தமும் கேட்கிறது. துவைக்கிற கல்லில் ஈரத்துணியை ஓங்கி அடித்தது போல ஒரு சத்தம். டிவியில் அது வரவே வராது.

70 கிலோ எடைக்காரன் ஒருவனை மட்டும் கவனித்துக்கொண்டிருந்தேன். இரண்டாம் சுற்று முடிந்து ஸ்டூலில் உட்கார்ந்தபோது இடது தொடையில், முழங்காலுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்திருந்தது. ஐஸ் பையை அழுத்திப் பிடித்தார்கள். மணி அடித்ததும் கயிற்றைப் பிடித்துத்தான் எழுந்தான். எழுந்தவன் நிலையை மாற்றி, அடிபட்ட காலைப் பின்னுக்குக் கொண்டுபோய்விட்டான். புள்ளிகளில் ஜெயித்தவனும் அவன்தான். ஆனால் ரிங்கிலிருந்து இறங்க இன்னொருவர் தோள் வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் கழித்து இவனை மறுபடி மேலே ஏற்றினால் என்ன ஆகும்? உன் கேள்வி அதுதானே!

இந்த விளையாட்டுக்கு முவாய் தாயும் கராத்தேயும்தான் வேர். 1966-ல் நோகுச்சி ஒசாமு என்ற குத்துச்சண்டை அமைப்பாளர்தான் அதைக் கிக்பாக்சிங் என்ற பெயரில் ஜப்பானில் மேடையேற்றினார். 1993-ல் கராத்தே ஆசிரியர் இஷி கசுயோஷி கே-1 போட்டியைத் தொடங்கினார். எட்டு பேர், ஒரே இரவு, மூன்று சண்டை ஜெயித்தவனுக்குப் பட்டம். ஆனால் அது எடை வரம்பில்லாத பெரிய உடம்புக்காரர்களின் மேடை; கோப்பைகளைப் பெரும்பாலும் ஐரோப்பியர்களே அள்ளிக்கொண்டு போனார்கள். ஜப்பான்காரன் சமமாக நிற்க ஓர் எடை வேண்டியிருந்தது. 2002-ல் 70 கிலோவுக்கு கே-1 வேர்ல்ட் மேக்ஸ் வந்தது. குத்துச்சண்டையில் மிடில்வெயிட் வரம்பு 72.57 கிலோ என்பது உனக்குத் தெரியும். அப்போது கே-1-ல் மிடில்வெயிட் என்றால் 70. முதல் வருஷம் நெதர்லாந்தின் ஆல்பர்ட் கிரவுஸ் ஜெயித்தார். அடுத்த வருஷம் அவரையே இறுதிச் சண்டையில் நாக்-அவுட் செய்து, மசாட்டோ ஜப்பானின் செல்லப்பிள்ளை ஆனார்.

இரண்டாவது அரங்கம் யோயோகி. 1964 ஒலிம்பிக்ஸுக்காக டாங்கே கென்சோ கட்டியது. தூண்களுக்கு நடுவே வடக்கயிற்றில் தொங்கும் அந்தக் கூரையைப் பார்க்கவே போகலாம். 2004 ஜூலை 7 அன்று இங்கேதான் தாய்லாந்தின் சுரின் மாகாணத்திலிருந்து வந்த புவாகாவ், 22 வயதில் வேர்ல்ட் மேக்ஸ் பட்டத்தை எடுத்தார். முதலில் ஆஸ்திரேலியாவின் ஜான் வேன் பார், புள்ளிகளில். பிறகு ஜப்பானின் கோஹிருயிமாகி, முழங்கால் இடியில் நாக்-அவுட். கடைசியில் மசாட்டோ. மூன்று சுற்றிலும் முடிவு வராமல் கூடுதல் சுற்றில்தான் தீர்ந்தது. புவாகாவின் பலமே டீப்தான். எதிராளி காலெடுப்பதற்குள் வயிற்றில் ஒரு மிதி. அவன் பின்னால் போவான், உதையும் வராது. பிற்பாடு கே-1 கிளிஞ்சில் பிடித்து வைத்து முழங்காலால் இடிப்பதற்குக் கட்டுப்பாடு போட்டது. மனிதர் கைகளைக் கூர்தீட்டிக்கொண்டு வந்தார். 2006 இறுதிச் சண்டையில் ஆண்டி சோவரைக் குத்தியே இரண்டாம் சுற்றில் முடித்து, இரண்டாவது பட்டமும் வாங்கினார்.

மூன்றாவது புடோகன். சூய்தோபாஷியிலிருந்து பழைய புத்தகக் கடைகள் நிறைந்த ஜிம்போச்சோ வழியாக நடந்தேன். குதான்ஷிதா மேட்டில் ஏறி, அகழியைத் தாண்டி, பழைய கோட்டை வாசலுக்குள் நுழைந்தால் எண்கோணக் கூரை தெரிகிறது. உள்ளே விடவில்லை, வேறு ஏதோ நிகழ்ச்சிக்கு ஏற்பாடு. சுற்றி வந்தபோது இங்கே வேர்ல்ட் மேக்ஸ் நடந்த 2007 அக்டோபர் 3 தான் நினைவில் ஓடியது. காலிறுதியில் மசாட்டோ புவாகாவை முதல் சுற்றிலேயே ஒரு தடவை விழவைத்து, புள்ளிகளில் ஜெயித்தார். அரையிறுதியில் உக்ரைனின் கிஷென்கோவை நாக்-அவுட் செய்தார். இறுதியில் சோவர் காலைக் குறிவைத்தார். லோ கிக், மறுபடி லோ கிக். இரண்டாம் சுற்றோடு மசாட்டோவின் மூலையே போதும் என்று நிறுத்திக்கொண்டது. அந்தத் தோல்வியில் புவாகாவுக்கும் ஒரு பங்கு உண்டு என்பேன். அவரை வெல்ல மசாட்டோ கொடுத்த விலையைத்தான் சோவர் வசூலித்தார்.

மறுவருஷம் காலிறுதியை ஜூலையிலேயே முடித்துவிட்டு, அக்டோபர் 1 அன்று நால்வரை மட்டும் வைத்து நடத்தினார்கள். மூன்று சண்டை இரண்டானது. மசாட்டோ சோவரைக் கடந்தார். கிஷென்கோவிடம் ஒரு தடவை விழுந்தும் எழுந்து, கூடுதல் சுற்றில் பட்டத்தை மீட்டார்.

ஆகவே உனக்கு என் பதில்: எட்டுப் பேர் போட்டி யார் பலசாலி என்று பார்ப்பதில்லை, யார் சிக்கனக்காரன் என்று பார்க்கிறது. முதல் சண்டையில் வீம்புக்கு வாங்கிய ஓர் உதைக்கு மூன்றாவது சண்டையில் வட்டி கட்ட வேண்டும். யார் முதலில் யாரோடு மோதுகிறார் என்ற அட்டவணையும் பாதிப் பட்டத்தைத் தீர்மானித்துவிடுகிறது. நியாயமா என்றால் இல்லை. நால்வர் முறைதான் நியாயம். ஆனாலும் பார்க்கக் கூப்பிட்டால் எட்டுப் பேர் இரவுக்குத்தான் டிக்கெட் எடுப்பேன்.

உன் பசங்களுக்கு 2004 இறுதிச் சண்டையைப் போட்டுக் காட்டு. யார் ஓங்கி அடிக்கிறார் என்று பார்க்க வேண்டாம். புவாகாவ் எத்தனை உதைகளை வாங்காமல் தவிர்க்கிறார் என்று எண்ணச் சொல். அப்புறம் டீப் பழக்கு. லோ கிக் ஒரு மாசம் தாமதமானாலும் குடி முழுகிவிடாது.

அன்புடன்,
ரவி