விளிம்பில் நின்ற கை

ஜொகூர்க் கடற்பாலத்தை அடுத்துள்ள மார்சிலிங்கில் கடவுச்சீட்டு அன்றாடத் துணையாகும். அதற்கு இணையவழி அனுப்பும் படம் 400 படப்புள்ளி அகலமும் 514 உயரமும் கொண்டிருத்தல் வேண்டும். அளவு குறைத்தல் என்பது முழுப்படத்தையும் குறைந்த புள்ளிகளுள் அடக்குவது. அகல உயர விகிதம் பிறழின் முகம் திரியும். வெட்டுதலோ விளிம்பைத் துறப்பது.

கடவுச்சீட்டில் அதனால் தீங்கில்லை. ஆயின், குடும்பப் படத்திலிருந்து மறைந்த மூதாட்டியின் முகத்தை மட்டும் வெட்டியெடுத்து மாலையிடுங்கால், அவர் தோளைப் பற்றிய பேத்தியின் கை நீங்கிவிடுகிறது. மூலப்படத்தின் மீதே சேமித்துவிட்டால் அக்கை மீண்டும் வாராது. சிறிதாக்கியதைப் பெரிதாக்கினும் இழந்த நுட்பம் திரும்பாது. கணினி இட்டு நிரப்புவது ஊகமே.

ஆதலின் மாணாக்கர் முதற்கண் படியொன்று எடுத்து, அதனையே வெட்டப் பழகுதல் வேண்டும். சட்டத்திற்கு முகம் போதும். குடும்பத்திற்கு அக்கையும் வேண்டும்.