மூச்சு வாங்குறவனை எங்க கொண்டுபோறது?

2023 மே மாதம் மரக்காணம் பகுதியில் விஷச் சாராயம் குடித்துச் செத்தவர்கள் 14 பேர். பெரும்பாலும் எக்கியார்குப்பத்துச் சனங்க. "குடிச்சான், செத்தான், அதுக்கு 10 லட்சமா?" என்று பேசியவர்களை நாம் எல்லோரும் பார்த்தோம். அவர்களுடைய மூச்சை மீட்க என்ன வழி இருந்தது என்பது அவர்களுக்கு ஒரு கேள்வியாகவே படவில்லை.

குடித்தது சாராயமே இல்லை, ஆலைகளில் புழங்கும் மெத்தனால். உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுது. கண் மங்கும், வயிறு பிரட்டும், ரத்தம் புளிச்சுப்போகும். அந்தப் புளிப்பை வெளியே தள்ளத்தான் உடம்பு வேகமா, ஆழமா மூச்சு இழுக்குது. பார்க்கிறவனுக்கு நுரையீரலில் நீர் கோத்த மாதிரி தெரியும். ஆரம்பத்தில் அங்கே நீர் இருக்காது.

உண்மையிலேயே நீர் கோத்தவனுக்கு வைத்தியம் வேறு. முதலில் உட்கார வைக்கணும், காலைத் தொங்கப்போட்டு. நம்ம ஆளுங்க மடியில் படுக்கப்போட்டு ஆட்டோவில் தூக்கிட்டு ஓடுவாங்க. படுத்தால் மூச்சு இன்னும் அடைக்கும். (நினைவு தப்பி வாந்தி எடுக்கிறவன் கதை வேறு, அவனை ஒருக்களித்துப் போடணும்.) அப்புறம் ஆக்ஸிஜன். நரம்பில் லேசிக்ஸ் ஊசி; சில நிமிடத்தில் வேலையைத் தொடங்கும், அரைமணிக்குள் சிறுநீர் நன்றாகப் பிரியும். ரத்த அழுத்தம் ஏறியிருந்தால் நைட்ரோகிளிசரின். அடங்காவிட்டால் அழுத்தத்தோடு காற்றைச் செலுத்தும் முகமூடி, அதுக்கும் மேலே வென்டிலேட்டர். சிறுநீரகமே ஓய்ந்திருந்தால் லேசிக்ஸ் எதைப் பிரிக்கும்? டயாலிசிஸ்தான்.

மெத்தனால்காரனுக்குச் சோடியம் பைகார்பனேட் ஏற்றணும். விஷமாக மாறுவதைத் தடுக்க ஃபோமெபிசோல், இல்லாவிட்டால் சுத்தமான எத்தனால். ஆமாம், கெட்ட சரக்குக்கு நல்ல சரக்கே மருந்து. சிரிக்க வேண்டாம், டாக்டர் அளந்து கொடுக்க வேண்டியது அது. பிறகு டயாலிசிஸ். முற்றிப்போனால் இவனுக்கும் நுரையீரலில் நீர் கோக்கும். சிறுநீரகம் ஓய்ந்த உடம்பில் ஏற்றிய திரவமும் அங்கே போய்ச் சேரலாம். ரெண்டு பேரும் கடைசியில் அதே மெஷினுக்குத்தான் காத்துக்கிடக்கணும்.

எக்கியார்குப்பத்துச் சனங்களைப் புதுச்சேரிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் கொண்டுபோனார்கள். 2008இல் வந்த 108 வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். வண்டி ஓடுற நேரத்திலும் உள்ளே அமிலம் ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

மீனவர் ஊர்ச் சாவுக்குத் தலித் பத்திரிகையில் என்ன கட்டுரை என்று கேட்கிற தோழர்கள் உண்டு. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அதே மெத்தனால். அங்கே செத்த அறுபதுக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். அங்கிருந்தும் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று பிரித்து அனுப்பினார்கள்.

சாராயமே தொடாதவங்களும் இருக்காங்க. மரக்காணம் உப்பளத்தில் வெயிலில் காய்ந்து பாத்தி வாருகிற பொம்பளைங்க, ஒதுங்க மறைவிடம் இல்லாததால் தண்ணி குடிக்காமல் அடக்கிக்கொள்கிறார்கள். வருஷக்கணக்கில் இப்படிக் காய்ந்தால் சிறுநீரகம் கெடும், ரத்த அழுத்தம் ஏறும். அப்புறம் ஏதோ ஒரு ராத்திரியில் படுக்க முடியாமல் எழுந்து உட்கார்ந்து, வாயில் நுரை தள்ள மூச்சுக்குத் தவிக்கிறவளுக்கும் வேண்டியது அதே ஆக்ஸிஜன், அதே லேசிக்ஸ், அதே மெஷின்.

அடுத்த மனுவில் இழப்பீட்டுக்கு முந்தின வரியாக இதை எழுதுவோம்: இருபத்துநாலு மணி நேரமும் டாக்டர், ஆக்ஸிஜன், முகமூடிக் கருவி, டயாலிசிஸ், எல்லாம் மரக்காணத்திலேயே.