ஆடியில் பிடிக்கும் கதவு

ஆடி மாதம் ஊட்டியில் என்னைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: “ஆசாரி, கதவு பிடிக்குது, கொஞ்சம் சீவிக் கொடுங்க.” தென்மேற்குப் பருவமழையின் ஈரத்தைக் குடித்துப் பலகை ஊதியிருக்கும். இழைப்புளியோடு போய் அடியிலும் ஓரத்திலும் நாலு இழைப்பு இழைத்துவிட்டு வருவேன். கதவு சத்தமில்லாமல் மூடும். வீட்டுக்காரருக்கும் சந்தோஷம், எனக்கும் கூலி.

அதே வீட்டிலிருந்து மார்கழியில் மறுபடி ஆள் வரும். “ராத்திரி படுக்க முடியல. கதவடியில காத்து கத்தி மாதிரி வருது.” போய்ப் பார்த்தால் நான் இழைத்த இடம்தான். ஐப்பசி மழையும் ஓய்ந்து, பனிக்காற்றிலும் பகல் வெயிலிலும் மரம் காய்ந்து சுருங்கியிருக்கும். ஆடியில் நான் சீவித் தள்ளியது அத்தனையும் இடுக்காகத் திறந்து கிடக்கும். இங்கே ஏழை வீட்டுக் கதவுகள் பெரும்பாலும் கற்பூர மரம் அல்லது சில்வர் ஓக். தேக்கைப்போல நிலைத்து நிற்காது. ஈரத்துக்கு ஊதும், காய்ச்சலுக்குச் சுருங்கும். அத்தனை வீடுகளுக்குள்ளும் குளிரை விட்டதில் என் இழைப்புளிக்கும் பங்கு உண்டு என்று எனக்கு உறைக்கப் பத்து வருடம் பிடித்தது. அதற்குப் பிறகு சின்ன அறைகளைக் குளிருக்குத் தயார் செய்வதை ஒரு தனி வேலையாகவே எடுத்துக்கொண்டேன். இருபது வருடமாகச் செய்கிறேன். கட்டில், பீரோ செய்வதைவிட இதில்தான் எனக்கு மனம் நிறைகிறது.

முதலில் இடுக்கு. மூன்றடிக் கதவு, அடியில் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி என்று வையுங்கள். பார்வைக்கு ஒன்றுமே இல்லை. கணக்குப் போட்டால் 90 சதுர சென்டிமீட்டர். டீக்கடைக் கிளாஸின் வாயளவுக்குச் சுவரில் இரண்டு ஓட்டை போட்டு, அதை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்ததற்கும் மேலே. அந்த ஓட்டையை வைத்துக்கொண்டு ஹீட்டர் வாங்குவது ஓட்டைக் குடத்துக்குத் தண்ணீர் சுமப்பதுதான்.

எங்கே ஒழுகுகிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு ஊதுபத்தி போதும். காற்றடிக்கிற ராத்திரியில் கதவு ஜன்னலைச் சாத்திவிட்டு, பத்தியை நிலை ஓரமாக மெதுவாக நகர்த்துவேன். புகை நேராக ஏறினால் அங்கே குற்றமில்லை. வளைந்தால் அங்கே சாக்பீஸில் ஒரு கோடு. அனேக வீடுகளில் கதவைவிட நிலைக்கும் சுவருக்கும் நடுவில்தான் அதிகக் கோடு விழும். யாரும் அதைப் பார்ப்பதில்லை. பழைய செய்தித்தாளை மைதாப் பசையில் ஊறவைத்துப் பிசைந்து, கத்தி முனையால் அந்தச் சந்தில் திணித்துவிட்டால் காய்ந்து கல்லாக நிற்கும்.

கதவடிக்கு நான் கண்ட மருந்து பழைய சைக்கிள் டியூப். பஞ்சர் கடையில் சும்மாவே கொடுப்பார்கள். நீளவாக்கில் கிழித்து, உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைக் கழுவிக் காயவைத்து, இரண்டு விரல் அகலத்துக்கு ஒரே நாடாவாக வெட்டுவேன். கதவின் உட்புறம் அடியோரத்தில் நாடாவை வைத்து, மேலே ஒரு ரீப்பர் கட்டையை அழுத்தி, ஒரு சாணுக்கு ஓர் ஆணி. இதில் கை தெரிய வேண்டிய இடம் ஒன்று உண்டு. ரப்பர் தரையைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. அழுத்தினால் கதவு திறக்கும்போதெல்லாம் மடிந்து மடிந்து ஒரே மாதத்தில் கிழியும். தொடாவிட்டால் செய்த வேலையே வீண். கதவைச் சாத்திவிட்டு அடியில் ஒரு செய்தித்தாளை நுழைத்து இழுத்துப் பார்ப்பேன். தாள் கிழியாமல், ஆனால் லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். அந்தப் பிடிப்பு விரலுக்குத் தெரிந்தவுடன் கடைசி ஆணியை அடிப்பேன். கதவு நிலையில் வந்து முட்டும் பள்ளத்தில் பழைய கம்பளியை ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்து ஒட்டினால் கதவு வேலை முடிந்தது.

இந்த மலையில் கதவின் அருமையை நன்றாக அறிந்தவர்கள் தோடர்கள். தலைக்குந்தா பக்கம் முத்தநாடு மந்து என்னும் அவர்களுடைய குடியிருப்புக்குப் போனால் பழைய பாணி வீட்டைப் பார்க்கலாம். பாதியாகப் பிளந்த பீப்பாயைக் கவிழ்த்ததுபோல வளைந்த கூரை, அதன்மேல் கனமான புல் வேய்ச்சல். வாசல் மூன்றடி உயரம்கூட இருக்காது. தவழ்ந்துதான் நுழைய வேண்டும். காற்று நுழையும் வழியையே சுருக்கிவிட்டார்கள். 1822-இல் ஆங்கிலேயக் கலெக்டர் சல்லிவன் கட்டத் தொடங்கிய கல் பங்களாவிலிருந்து இங்கே எழுந்த வெள்ளைக்காரர் வீடுகளில் உயரமான அறையும் கணப்பும் வைத்தார்கள். கணப்பில் எரியும் சூட்டில் பெரும்பங்கு புகைபோக்கி வழியே போய்விடும். போகும்போது அறையின் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த இடத்தை நிரப்பக் கதவடியில் புதுக்குளிர் வரும். மலைமலையாக விறகு வைத்திருந்தவர்களுக்கு அது சரி. பத்துக்குப் பத்து அறையில் இருப்பவர்கள் தோடர் வீட்டிலிருந்துதான் கற்றுக்கொள்ள வேண்டும்.

கதவை அடைத்த பிறகும் ஓர் அறை குளிர்ந்தால் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும். ஊட்டி காந்தலில் ஒரு பாட்டி, மகளோடு ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறார். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். அரசின் டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். லைன் வீட்டை இன்னும் லயம் என்றுதான் சொல்வார். நான் போன முதல் நாள், “தம்பி, கூரை ஒழுகுது. மழையே இல்ல, ஆனாலும் ஒழுகுது” என்றார். விடியற்காலை ஐந்து மணிக்கு வரச் சொல்லிக் காட்டினார். தகரத்தின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர், போர்வைமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

மேகமில்லாத ராத்திரியில் தகரம் தன் சூட்டை நேராக வானத்துக்கு விட்டுவிடும். நட்சத்திரம் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறதோ அவ்வளவு சில்லிட்டுப்போகும். சுற்றியுள்ள காற்றைவிடக்கூடக் குளிர்ந்துவிடும். உறைபனி விழுவதும் அதனால்தான். குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காந்தலும் தலைக்குந்தாவும் வெள்ளையாக விடியும் நாளில் மேட்டிலிருக்கும் வீடுகள் தப்பித்துக்கொள்வது இதனால். பாட்டி வீடு பள்ளத்தில். உள்ளே ஆள் விடும் மூச்சு, உலைச் சோற்றின் ஆவி, கொடியில் தொங்கும் ஈரத்துணி எல்லாம் ஏறிப்போய் அந்தச் சில்லிட்ட தகரத்தில் நீராகிவிடுகிறது.

நான் செய்தது எளிய வேலை. மளிகைக் கடையில் அட்டைப்பெட்டி வாங்கிப் பிரித்து, இரண்டு அடுக்காக, ஒன்றின் வரி குறுக்கிலும் ஒன்றின் வரி நெடுக்கிலும் வருமாறு ரீப்பரில் அடித்து, தகரத்துக்கு நான்கு விரல் கீழே உத்தரத்தில் தொங்கவிட்டேன். அட்டைக்குள்ளேயே அசையாத காற்று இருக்கிறது. அசையாத காற்றைப்போலக் குறைந்த செலவில் சூட்டைப் பிடித்து வைக்கும் பொருள் வேறில்லை. தகரத்தில் சொட்டும் நீர் அட்டையை நனைக்காமல் இருக்க மேலே ஒரு பழைய ஃபிளக்ஸ் பேனர். முதல் தடவை பேனரை மட்டமாகக் கட்டிவிட்டேன். ஒரு வாரத்தில் நடுவில் தண்ணீர் தேங்கித் தொப்பை விழுந்துவிட்டது. பிரித்து, ஒரு பக்கம் ஆறு விரல் சரித்துக் கட்டி, சுவரோரம் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பிளந்து தூம்பு வைத்தேன். அடுப்புக்கு நேர்மேலே, சுற்றிலும் மூன்றடிக்கு அட்டையும் பேனரும் கூடாது. அங்கே தகரத் துண்டு மட்டும். தெர்மகோல் வைக்கச் சொல்லிப் பலர் கேட்பார்கள். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், அதன் புகையும் விஷம். சமையலும் படுக்கையும் ஒரே அறையில் இருக்கும் வீட்டில் நான் வைப்பதில்லை. கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டாக இருந்தால் அதில் துளையும் போடமாட்டேன். அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது.

தரைக்குப் பெரிய வேலை இல்லை. சிமெண்டுத் தரையில் சாக்கு, அதன்மேல் அட்டை, அதன்மேல் பாய். போர்வை இரண்டு இருந்தால் ஒன்றைக் கீழே விரியுங்கள் என்று சொல்வேன். உடம்பின் பாரத்தில் நசுங்கிய மெத்தையில் காற்று இருக்காது, சூடு தரைக்கு இறங்கிவிடும்.

ஜன்னலை மாலை மூன்றரைக்குள் சாத்திவிட வேண்டும். மார்கழி, தையில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்கு ஜன்னல்தான் பொக்கிஷம். பத்து மணிக்குத் திரையை முழுக்க விலக்கிவிட்டால் வெயில் தரையிலும் சுவரிலும் ஏறும். ராத்திரி அந்தச் சுவர்தான் அதைத் திருப்பித் தரும். திரைத்துணி தரைவரை தொங்கட்டும், ஓரங்கள் சுவரை ஒட்டி நிற்கட்டும். கண்ணாடியில் பட்டுக் குளிர்ந்த காற்று அடியில் வழிந்து அறைக்குள் வந்தால் திரை போட்டும் பலனில்லை.

பாட்டியின் மகள் ஹீட்டர் வாங்கலாமா என்று கேட்டார். 1000 வாட் ஹீட்டர் எட்டு மணி நேரம் ஓடினால் எட்டு யூனிட். இரண்டு மாதத்துக்கு 480. அப்போது அரசு இலவசமாகத் தந்தது இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்தான். ஒரு ரப்பர் பையில் இரண்டு லிட்டர் வெந்நீரை ஊற்றிப் போர்வைக்குள் கால்மாட்டில் வைத்தால் அது தரும் சூடு ஒரு யூனிட்டில் பத்தில் ஒரு பங்கு. ஆனால் அத்தனையும் ஆளுக்கே சேரும். அதோடு, சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் ஒருவரே ஏறத்தாழ 100 வாட் சூட்டை விடுகிறார். நன்றாக அடைத்த அறையில் இரண்டு பேர் இருந்தால் சின்ன ஹீட்டர் ஒன்று எந்நேரமும் எரிகிற கணக்கு.

நன்றாக அடைத்த அறை என்று எழுதும்போதே எனக்குக் கை நடுங்கும் விஷயம் ஒன்று இருக்கிறது. கல்யாணமான முதல் வருடம். அப்போது எனக்கு அடைக்கத்தான் தெரியும். எங்கள் அறையில் ஒரு சந்து விடாமல் அடைத்துவிட்டு, டீக்கடையிலிருந்து கனிந்த கரியை இரும்புச் சட்டியில் வாங்கிவந்து நடுவில் வைத்துத் தூங்கினோம். புகை இல்லை, நாற்றம் இல்லை, சுகமான சூடு. நடுராத்திரி தலை பிளக்கிற வலியில் விழித்தேன். எழுந்தால் கால் மடங்குகிறது. “ஏங்க, எனக்கு ஒரு மாதிரி வருது” என்றவள் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. தவழ்ந்துபோய்த் தாழ்ப்பாளைத் தேடி எடுத்த நேரம் எவ்வளவு என்று இன்றும் சொல்லத் தெரியவில்லை. கதவைத் தள்ளித் திறந்து, அவளைப் பனியில் இழுத்துப் போட்டேன். அதே குளிர்தான் எங்களைப் பிழைக்க வைத்தது.

கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும் என்று மறுநாள் டாக்டர் சொன்னார். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தியைப் பேப்பரில் பார்க்கும்போதெல்லாம் அந்தத் தாழ்ப்பாள் என் விரலில் தட்டுப்படுகிறது.

அதனால் எந்த அறையை எடுத்தாலும் மேலே, காற்று நேராக அடிக்காத சுவரில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு திறப்பை விட்டே அடைக்கிறேன். மூச்சின் ஈரம் போகவும் அதுதான் வழி. திறப்பு இருக்கிறதே, கரி வைக்கலாமா என்பார்கள். கூடாது. கேஸ் அடுப்பையும் குளிருக்காக எரிய விடக் கூடாது. அதற்குச் சம்மதிக்காத வீட்டில் நான் டியூப் அடிக்கமாட்டேன். பையை எடுத்துக்கொண்டு திரும்பி வந்ததும் உண்டு.

பாட்டியும் அந்தத் திறப்பில் ஒரு பழைய துணியைத் திணித்து வைத்திருந்தார். எடுத்துவிட்டு, எங்கள் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கட்டிலுக்கடியிலிருந்து கரிச்சட்டியை இழுத்து, “இதக் கொண்டுபோயிருங்க தம்பி” என்றார். அந்தத் தையில் ஒரு விடியற்காலை வெளியே இரண்டு டிகிரி, உள்ளே பதின்மூன்று. வேலைக்கு முன்னால் இதே மாதிரி ஒரு நாளில் உள்ளே எட்டுதான் இருந்தது. கூரை காய்ந்திருந்தது.

போன ஆடியில் அவர் மகள் போன் செய்தார். “அண்ணே, கதவு பிடிக்குது.” போனேன். இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மெழுகுவர்த்தி வாங்கிவரச் சொல்லி, கதவின் பக்க ஓரத்தில் பிடித்த இடத்தில் மேலும் கீழுமாக நன்றாகத் தேய்த்தேன். நாலு தடவை திறந்து மூடினேன். கொஞ்சம் முனகிக்கொண்டுதான் மூடியது.

“இன்னும் பிடிக்குதே தம்பி” என்றார் பாட்டி.

“பிடிக்கட்டும் பாட்டி. மழை விடட்டும்” என்றேன்.